தர்க்கம் மட்டும் படித்தால் இயற்பியல் வந்துவிடுமா?

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பிரபஞ்சத்தின் அடித்தளமே தர்க்கம்தான், எல்லா விதிகளையும் அதிலிருந்தே தருவித்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்படியானால் லேபைக் குறைத்துக்கொண்டு தர்க்கம் படிக்கவா?"

தர்க்கம் தாராளமாகப் படியுங்கள், ஆனால் லேபை விடாதீர்கள். முரண்பாடு உள்ள கொள்கை தேறாது என்பதுவரை தர்க்கம் சொல்லிவிடும். முரண்பாடே இல்லாத கொள்கைகள் எத்தனையோ இருக்கின்றனவே, அதில் நம் உலகத்துக்குப் பொருந்துவது எது என்று அது சொல்லாது.

ஒன்று செய்து பாருங்கள். லேபில் இரண்டு போலராய்டு தகடுகள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) கேட்டு வாங்கி, எல்சிடி லேப்டாப்பில் வெள்ளைத் திரை வைத்து (அதிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில்தான் அதிர்கிறது), ஒரு தகட்டை அதன்முன் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு, இரண்டாவது தகட்டை அதற்கும் திரைக்கும் நடுவில், முதல் தகட்டின் திசையிலிருந்து 45 டிகிரி சுழற்றி நுழையுங்கள். தடுப்பு ஒன்று கூடியிருக்கிறது, ஆனால் வெளிச்சம் திரும்பி வருகிறது! கணக்குப்படி, திரையின் வெளிச்சத்தில் கால் பங்கு.

ஒளியை அலையாக எடுத்துக்கொண்டால் இதில் புதிர் இல்லை. ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாக அனுப்பினாலும் இதேதான் நடக்கும் என்பதுதான் சிக்கல், ஏனென்றால் தகடு இருப்பதைச் சலித்தெடுக்கவில்லை, ஃபோட்டானின் நிலையையே மாற்றிவிடுகிறது. குவாண்டம் அளவீடுகளின் இந்தப் போக்கைப் பார்த்துத்தான் 1936இல் கணிதவியலாளர்கள் பிர்க்காஃபும் ஃபான் நாய்மனும் 'மற்றும்', 'அல்லது' இரண்டுக்கும் இடையிலான பங்கீட்டு விதியே ('அ மற்றும் (ஆ அல்லது இ)' என்பதை '(அ மற்றும் ஆ) அல்லது (அ மற்றும் இ)' என்று பிரிக்கலாம் என்பது) இல்லாத ஒரு தர்க்கத்தை முன்வைத்தார்கள். அதாவது எந்தத் தர்க்கம் பொருந்தும் என்ற கேள்வியையே சோதனைதான் கிளப்பியது.

எனக்கு இதைவிட அழுத்தமாகப் படுவது இயற்பியலாளர் ஜான் பெல்லின் பெயரிலான பெல் சோதனை. பின்னிப்பிணைந்த (இரண்டுக்கும் சேர்ந்து ஒரே குவாண்டம் நிலை உள்ள) இரண்டு ஃபோட்டான்களைத் தனித்தனி இடங்களில் அளந்து, விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஒரே எண்ணாகச் சுருக்குவார்கள். விடைகள் முன்கூட்டியே முடிவாகியிருந்து, ஓரிடத்து அளவீடு மற்றதைப் பாதிக்காமலும் இருந்தால், அந்த எண் 2ஐத் தாண்டாது. குவாண்டம் கொள்கை சுமார் 2.83 வரை அனுமதிக்கிறது. 1982இல் அலன் அஸ்பே குழு அளந்தபோது 2ஐத் தெளிவாகத் தாண்டியது. சரி, தர்க்கப்படி உச்சம் எவ்வளவு? ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டாலும் 4 வரை போகலாம், எந்த முரண்பாடும் வராது என்று 1994இல் இயற்பியலாளர்கள் பொபெஸ்குவும் ரோர்லிக்கும் காட்டினார்கள். இயற்கை ஏன் 2.83இல் நின்றுகொள்கிறது என்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் இறங்க ஆசையிருந்தால் முதலில் நேரியல் இயற்கணிதத்தை உறுதியாகப் பிடியுங்கள். அப்புறம் பெல்லின் 1964 கட்டுரையை எடுங்கள், ஆறே பக்கம்தான்.