கார்பன் கிரெடிட்டை விற்ற நாடு, அந்தக் குறைப்பைத் தன் இலக்கிலும் காட்டலாமா?

முடியாது. கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் உமிழ்வைக் குறைத்ததற்கான, விற்கக்கூடிய சான்று. நாடுகள் தங்கள் உமிழ்வுக் குறைப்பு இலக்குகளை அறிவிக்கும் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 6-வது பிரிவுப்படி, இன்னொரு நாட்டின் இலக்குக்கென்று அனுமதி கொடுத்து விற்ற ஒவ்வொரு டன்னையும் விற்ற நாடு தன் உமிழ்வுக் கணக்கில் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். வாங்கிய நாடு கழித்துக்கொள்ளும். ஒரே டன்னை இருவரும் காட்டக்கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு முந்தைய கியோட்டோ காலநிலை உடன்பாட்டுக் காலத்தில் வளரும் நாடுகளுக்குக் கட்டாய இலக்கே கிடையாது. விற்றால் பணம், இழப்பில்லை. இப்போது கதை வேறு. பாங்காக்கில் ஓடும் மின்சாரப் பேருந்துகளால் மிச்சமான 1,916 டன்னை சுவிட்சர்லாந்து தன் கணக்குக்கு வாங்கியது. அந்த 1,916 தாய்லாந்தின் இலக்கில் சேராது.

சிக்கல் இங்கேதான்: மலிவான, எளிதான குறைப்புகளை முதலில் விற்றுத் தீர்த்தால், சொந்த இலக்குக்குச் செலவு பிடித்த வேலைகளே மிஞ்சும். அதனால் வெளிப்பணம் இல்லாமல் நடக்கவே நடக்காத திட்டங்களை மட்டும் விற்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.