குரல் உடைகிற வயதில் தனிப் பாட்டு வகுப்பு: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்புக்குப் போகவிருக்கும் மகனுக்குத் தனி ஆசிரியரிடம் பாட்டு வகுப்பு வைக்கலாமா, அது படிப்பைக் கெடுத்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வையுங்கள். ஆனால் அடுத்த போட்டியிலும் அவன் முதல் பரிசு வாங்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கும் காரணத்துக்காக வேண்டாம்.

கொஞ்ச நாளாக அவன் குரல் பிசிறடிக்கிறது, மேல் ஸ்தாயியில் உடைகிறது என்கிறீர்கள். 14 வயதில் இது இயல்பு. மகரக்கட்டு என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையுள்ள அளவு, கீழே இறங்குகிறது. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்; 5 கட்டையில் பாடிக்கொண்டிருந்த பையன், எல்லாம் முடிந்த பிறகு 1 கட்டையிலோ 2 கட்டையிலோ வந்து நிற்கலாம். சிலருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் இழுக்கும். இந்தக் காலத்தில் பழைய சுருதியிலேயே பாட வைப்பதுதான் பெரிய தீங்கு. எட்டாத சுவரத்தைப் பிடிக்கப் பிள்ளை கழுத்தை இறுக்குவான். அந்த இறுக்கம் பழகிப்போனால், குரல் நிலைத்த பிறகும் எளிதில் விடாது. அதற்காகப் பாட்டையே நிறுத்திவிடவும் தேவையில்லை. வலிக்காத எல்லைக்குள் மெல்லப் பாடிக்கொண்டிருக்கலாம். கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, பாடும்போது வலித்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கஷாயம், கற்கண்டு என்று நாளைக் கடத்த வேண்டாம்.

இருபது பிள்ளைகள் ஒரே சுருதிப் பெட்டிக்கு உட்கார்ந்து பாடும் வகுப்பில் இவனுக்காகக் கட்டையைக் குறைக்க ஆசிரியரால் முடியாது. தனி வகுப்பு இப்போது தேவை என்று நான் சொல்வதற்குக் காரணம் இது ஒன்றுதான். இந்தக் குரல் இன்று எங்கே இருக்கிறது என்று வாராவாரம் கேட்டு, அதற்கேற்பப் பாடம் சொல்லும் ஒரு காது அவனுக்கு வேண்டும்.

ஆகவே ஆசிரியரைத் தேடும்போது அவர் எத்தனை சபாக்களில் பாடினார் என்பதை முதலில் கேட்காதீர்கள். நன்றாகப் பாடுபவர் எல்லோரும் நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிடுவதில்லை. ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள்; மூலையில் உட்கார்ந்து கவனியுங்கள். முதல் பத்து நிமிடத்தில் அவர் பையனுக்குச் சுருதி பார்த்துக் கட்டையை மாற்றுகிறாரா? பெண் ஆசிரியராக இருந்தால் தன் சுருதியை விட்டு அவன் சுருதிக்கு இறங்கிச் சொல்லிக்கொடுக்கிறாரா? தாமே பாடிக்கொண்டே போகிறாரா, அவனைத் தனியே பாடவிட்டுக் கேட்கிறாரா? தவறு நேர்ந்தால் "இன்னொரு முறை" என்று மட்டும் சொல்கிறாரா, எங்கே மூச்சு போயிற்று, எங்கே தாடை இறுகியது என்று காட்டுகிறாரா? பரிசு வாங்கிய பையனை மாயாமாளவகௌளை ராகத்தில் மறுபடி தொடக்கப் பாடமான சரளி வரிசைக்கு உட்கார வைத்து, மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகங்களில், அகாரமாக ("ஆ" என்ற ஒலியிலேயே) பாடச் சொன்னால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அந்த ஆசிரியர் மேல் நம்பிக்கை பிறக்கும். மாதம் நான்கு பாட்டு என்று வாக்குக் கொடுப்பவரை விட்டுவிடுங்கள்.

வகுப்பு நடக்கும் அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எப்போது வந்தாலும் உட்கார அனுமதி வேண்டும். இதில் தயங்கும் இடத்துக்கு, எத்தனை பெரிய பெயராக இருந்தாலும், பிள்ளையை அனுப்பாதீர்கள். கட்டணம் மாதக் கணக்கா, வகுப்புக் கணக்கா, மேடை ஏற்றினால் தனிச் செலவா என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் இணைய வகுப்பு சரிதான். ஆனால் ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. மாதம் ஒருமுறையாவது நேரில் போய்வரும் தொலைவில் ஆசிரியர் இருந்தால் நல்லது.

இனி உங்கள் உண்மையான கவலை: இது சோறு போடுமா? அதை 14 வயதில் தீர்மானிக்க வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பில் நீங்கள் நினைக்கும் கணிதப் பிரிவையே அவன் எடுக்கட்டும். இசைக் கல்லூரிக்கு எந்தப் பிரிவும் தடையில்லை. சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் பகலில் நடப்பதால் பள்ளிக்குப் போகிற பையனுக்கு இப்போது ஒத்துவராது.

ஒரு வேறுபாட்டை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் பட்டம் தேவையில்லை. அகில இந்திய வானொலியில் பாடகர்களுக்குப் பி, பி ஹை, ஏ என்று தரம் கொடுப்பதும் குரல் தேர்வில் பாடிக் காட்டுவதை வைத்துத்தான். அங்கெல்லாம் தனி ஆசிரியரிடம் பெற்ற பயிற்சியே பேசும். ஆசிரியர் வேலைக்கு வந்தால் கதை வேறு. கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க வகுப்புகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கவே இசையில் இளங்கலைப் பட்டம் கேட்கிறார்கள். கல்லூரி என்றால் பொதுவாக முதுகலையும், கல்லூரி ஆசிரியர்களுக்கான நெட் போன்ற தகுதித் தேர்வும் வேண்டும். வீட்டில் பத்து ஆண்டுகள் அருமையாகக் கற்றுவிட்டு, கையில் ஒரு தாளும் இல்லாமல் இந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது இதே பேச்சை மறுபடி எடுப்போம். அதற்குள் குரலும் நிலைத்திருக்கும், அவன் மனமும் தெரிந்திருக்கும். 18 முதல் 25 வயதுவரையுள்ள இளங்கலைஞர்களுக்கு மத்திய பண்பாட்டு அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றும் உண்டு. அப்போது அதைப் பார்க்கலாம்.

பத்தாம் வகுப்பு ஆண்டில் வாரம் ஒரு வகுப்பும், காலையில் இருபது நிமிடச் சாதகமும் (வீட்டுப் பயிற்சியும்) போதும். இதனால் மதிப்பெண் குறையாது. தேர்வு நெருங்கும் மாதம் வகுப்பை நிறுத்தினாலும் சாதகத்தை நிறுத்தாதீர்கள்.

அடுத்த மாதப் போட்டிக்குக் கொடுத்த பெயரைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். காரணத்தை நீங்களே அவனிடம் சொல்லுங்கள். குரல் கெட்டுப்போய்விட்டது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அப்பா வாயால் அவன் கேட்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று ஆசிரியர்களிடம் மாதிரி வகுப்புக்கு அழைத்துப் போய்விட்டு, ஒவ்வொருவரும் எந்தக் கட்டையில் பாட வைத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.