டை காப்: பொய்யைக் கழித்தால் மிச்சம் என்ன?

டை காப் பேரை எடுத்தாலே "பேஸ்பாலின் வில்லன்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். போன வாரம் அவரைப் பற்றி நாலு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். கோபமாகக் கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: சார், எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். யார் இவர், அவ்வளவு பெரிய ஆளா?

1886இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். 1905 முதல் 1926 வரை டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு ஆடினார், கடைசி இரண்டு வருடம் பிலடெல்பியாவுக்கு. பேஸ்பாலில் நூறு முறை மட்டை பிடித்து முப்பது முறை ஹிட் (பந்தை அடித்து, ஓடித் தொட வேண்டிய 'பேஸ்' என்ற நிலையை அவுட் ஆகாமல் எட்டுவது) அடித்தாலே நல்ல பேட்டர் என்பார்கள். இவர் 24 சீசன்களுக்கும் சேர்த்து வைத்திருந்த சராசரி முப்பத்தாறுக்கும் மேல். பிட்சர், அதாவது பந்து எறிபவர், கையை ஓங்கும்போதே மூன்றாம் பேஸிலிருந்து பாய்ந்து வந்து, ரன் கிடைக்கும் இடமான ஹோமைத் தொடுவது தற்கொலைக்குச் சமமான வேலை. அதை 54 தடவை செய்து காட்டியிருக்கிறார். 1936இல் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதல் தேர்வு நடந்தபோது 226 ஓட்டில் இவருக்கு 222, பேப் ரூத்துக்கு 215. ஊரே வெறுத்த மனுஷன் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

கேள்வி: ஷூ ஆணியை அரம் போட்டுக் கூர் தீட்டி, எதிராளி காலைக் கிழிப்பாராமே?

இந்தக் கதைக்கு மூலம் 1909 ஆகஸ்டில் நடந்த ஒரு சம்பவம். டெட்ராய்ட்டுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆட்டம். மூன்றாம் பேஸைக் காத்துக்கொண்டு பிலடெல்பியாவின் ஃபிராங்க் பேக்கர் நிற்கிறார். காப் சறுக்கிக்கொண்டு வர, ஆணி பட்டு பேக்கரின் முன்கையில் ரத்தம். பிலடெல்பியாவில் ஒரே கூச்சல், கொலை மிரட்டல் கடிதங்கள். லீக் தலைவர் பான் ஜான்சனும் முதலில் காப்பைத்தான் கண்டித்தார்.

பிறகு அந்தக் கணத்தில் எடுத்த புகைப்படம் வெளிவந்தது. பேஸ்பால் தெரியாதவர்களும் அதைத் தேடிப் பாருங்கள். காப்பின் உடம்பு பேஸைவிட்டு வெளிப்பக்கமாக விலகிப் போகிறது, கால் நுனி மட்டும் பேஸைத் தேடுகிறது. கையை நீட்டிக்கொண்டு குறுக்கே வருவது பேக்கர். படத்தைப் பார்த்ததும் ஜான்சன் அடங்கிப்போனார். பேக்கரும் கட்டுப் போட்டுக்கொண்டு மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தார்.

கூர் தீட்டியதாகச் சொல்வதைக் காப் சாகும்வரை மறுத்தார். ஆணிகளை மழுங்கடிக்க விதி கொண்டுவாருங்கள் என்று அவரே லீக் தலைவருக்கு எழுதியிருக்கிறார். அதற்காகப் பூனைபோல வந்து போனவர் என்று நினைத்துவிட வேண்டாம். பாதை ஓடுகிறவனுக்குத்தான் சொந்தம் என்று நம்பியவர். பேஸில் நிற்பவனுக்கு இருந்த பயம் அவருக்கு லாபம், அந்த லாபத்தை அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

கேள்வி: அப்படியென்றால் இந்தக் கதைகளை எல்லாம் கிளப்பிவிட்டது யார்?

பெரும்பங்கு ஒரே ஆளுடையது: ஆல் ஸ்டம்ப் என்ற விளையாட்டு எழுத்தாளர். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த காப் தன் சுயசரிதையை எழுதித்தர அவரை அமர்த்தினார். 1961 ஜூலையில் காப் செத்துப்போகிறார். அந்த வருடம் முடிவதற்குள் ஸ்டம்ப் ஒரு பத்திரிகையில் நீண்ட கட்டுரை போடுகிறார். குடிகாரக் கிழவன், கையில் எப்போதும் துப்பாக்கி, பார்ப்பவர்களை எல்லாம் மிரட்டுகிறான் என்று. 1912இல் டெட்ராய்ட்டில் தன்னைத் தாக்கியவனைக் கொன்றுவிட்டதாகக் காப்பே சொன்னார் என்றும் அதில் ஒரு வெடி. டெட்ராய்ட்டின் பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு அப்படி ஒரு பிணமே அகப்படவில்லை.

1994இல் ஸ்டம்பின் புத்தகமும் அதையொட்டிய ஹாலிவுட் படமும் வந்து, கதை கல்வெட்டாகிவிட்டது.

காப்பின் பொருள்கள் என்று சொல்லி ஸ்டம்ப் சேகரிப்பாளர்களுக்கு விற்றவை தனிக் கூத்து. காப்பின் நாட்குறிப்பு என்று ஒன்று ஹால் ஆஃப் ஃபேமின் கண்காட்சி வரைக்கும் போய்விட்டது. எஃப்பிஐ கையெழுத்தைச் சோதித்து, போலி என்று சொன்ன பிறகுதான் எடுத்தார்கள். இன்னொன்று ஒரு ஷாட்கன். காப்பின் அம்மா அவர் அப்பாவைச் சுட்ட துப்பாக்கி அதுதானாம்! வழக்கில் அந்த அம்மா சொன்னது கைத்துப்பாக்கி. நாட்குறிப்பை இட்டுக்கட்டத் துணிந்த கை, உரையாடலை இட்டுக்கட்டக் கூசுமா? ஸ்டம்ப் மட்டுமே சாட்சியாக உள்ள எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: அம்மா அப்பாவைச் சுட்டாரா? அது நிஜமா?

நிஜம். 1905 ஆகஸ்ட், ராய்ஸ்டன் ஊர். அப்பா பள்ளி ஆசிரியர், மாநில செனட்டராகவும் இருந்தவர். வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் ராத்திரி திரும்பி வந்து படுக்கையறை ஜன்னல் பக்கம் நின்றிருக்கிறார். திருடன் என்று நினைத்துச் சுட்டேன் என்றார் அம்மா. மனைவிமேல் சந்தேகப்பட்டு வேவு பார்க்க வந்தார் என்று ஊர் பேசியது. 1906 மார்ச்சில் நீதிமன்றம் அந்த அம்மாவை விடுதலை செய்தது.

மகனுக்கு அப்போது வயது 18. அப்பா இறந்து மூன்று வாரத்தில் டெட்ராய்ட்டுக்கு முதல் ஆட்டம். அங்கே மூத்த வீரர்கள் புதுப்பையன் என்று மட்டையை உடைத்து, ஓயாமல் சீண்டிப் பாடாய்ப்படுத்தினார்கள். எதிலும் சட்டென்று கை ஓங்கும் அந்தப் புத்திக்கு விதை இங்கே என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் நாற்பது வயது ஆளின் அடிதடிக்கெல்லாம் பதினெட்டு வயதுத் துக்கத்தைக் கணக்குச் சொல்ல எனக்கு மனசு ஒப்பவில்லை.

கேள்வி: அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். காப் இனவெறியரா?

எனக்கு வந்ததில் பாதி இந்தக் கேள்விதான். 2015இல் சார்லஸ் லீர்சன் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்ததிலிருந்து, "எல்லாம் பொய், காப் தங்கமான மனுஷன்" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. லீர்சன் செய்த வேலை பெரிய வேலை, மறுக்கவில்லை. 1909இல் கிளீவ்லாந்து ஹோட்டலில் காப்போடு கைகலந்த காவலாளி கறுப்பர் என்றே எல்லாரும் எழுதிவந்தார்கள். லீர்சன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளைத் தேடி எடுத்து, அவர் வெள்ளையர் என்று காட்டினார். 1914இல் இறைச்சிக்கடைப் பையனை அடித்த கதையிலும் அதேதான். மனைவி வாங்கிய இருபது சென்ட் மீன் கெட்டுப்போயிருந்ததாம். அதற்காகக் கைத்துப்பாக்கியோடு கடைக்குப் போய், தடுக்க வந்த பையனோடு மல்லுக்கட்டி, கட்டைவிரலை உடைத்துக்கொண்டு பல வாரம் ஆட முடியாமல் கிடந்தார். ஐம்பது டாலர் அபராதம். அடிபட்ட பையன் வெள்ளையன்.

இதோடு நிறுத்தினால் காப் வெறும் முன்கோபி ஆகிவிடுவார். 1908ஐ விட்டுவிடக் கூடாது. டெட்ராய்ட் தெருவில் புதிதாகப் போட்ட தாரில் காப் காலை வைத்துவிட்டார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஃபிரெட் காலின்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி சத்தம் போட, ஒரே அடியில் அவரைக் கீழே சாய்த்தார். குற்றம் நிரூபணமானது, தண்டனையை நிறுத்திவைத்தார்கள். பிறகு 75 டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டார். இது ஸ்டம்பை நம்பிச் சொல்வதல்ல, நீதிமன்றப் பதிவு.

மறுபக்கமும் பொய்யில்லை. கொள்ளுத்தாத்தா அடிமைமுறையை எதிர்த்துப் பிரசங்கம் செய்தவர். அப்பா கறுப்பினப் பிள்ளைகளின் படிப்புக்காகப் பேசியவர். 1952இல் காப்பே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்: கறுப்பின வீரர்களை வேண்டாவெறுப்பாக இல்லாமல் முழுமனதோடு ஏற்க வேண்டும் என்று. ஒரு தென்மாநிலத்துக்காரர், அதுவும் 65 வயதில், அப்படிச் சொன்னது சின்ன விஷயமில்லை. நான் படித்துப் புரிந்துகொண்ட வரை, இளமையில் தன் காலத்து வெள்ளையனின் திமிர் அவருக்கு நிறையவே இருந்தது, வயதானபோது அது கரைந்தது. 1952 பேட்டி 1908 அடியை அழித்துவிடாது. 1908 அடிக்காக 1952 பேட்டியை நடிப்பு என்று தள்ளவும் முடியாது.

கேள்வி: கை இல்லாத ரசிகரை அடித்தது? அதுவும் ஸ்டம்ப் கதையா?

இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 1912 மே, நியூயார்க் மைதானம். கிளாட் லூக்கர் என்பவர் ஆட்டம் தொடங்கியதிலிருந்து காப்பைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். அச்சகத்து இயந்திரத்தில் ஒரு கை முழுசாகவும் மறு கையில் சில விரல்களும் போன மனிதர். கடைசியில் காப் வேலியைத் தாண்டி ஏறிப்போய் அவரைத் துவைத்துவிட்டார். கை இல்லாதவன்பா என்று யாரோ கத்தியும் நிறுத்தவில்லை.

எது அவரைத் தூண்டியது? காப் பாதிக் கறுப்பன் என்று லூக்கர் சொன்ன வசவுதான் என்று அன்றைக்கே பேச்சு. எத்தனையோ கெட்டவார்த்தை கேட்டுப் பழகியவருக்கு அந்த ஒன்று மட்டும் ஏன் அப்படிச் சுட்டது? காப் இனவெறியரா என்ற கேள்விக்கு என் பதிலில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

லீக் தலைவர் ஜான்சன் காப்பைக் காலவரையின்றி நிறுத்திவைக்க, சக வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆள் இறக்காவிட்டால் அணிக்குப் பெரிய அபராதம். பிலடெல்பியாவில் கைக்குக் கிடைத்த பையன்களைப் பிடித்துச் சீருடை மாட்டி இறக்கினார்கள். 24-2 என்று தோல்வி. பந்து எறிந்து அந்த 24 ரன்னையும் கொடுத்த ஆலன் டிராவர்ஸ் என்ற கல்லூரி மாணவர் பிற்பாடு கத்தோலிக்கப் பாதிரியார் ஆனார். வீரர்களை ஆட்டத்துக்குத் திரும்பச் சொன்னது காப்தான். அவருக்குப் பத்து நாள் தடை, ஐம்பது டாலர் அபராதம். அவருக்காக நின்றவர்களுக்கு ஆளுக்கு நூறு டாலர்!

கேள்வி: சாவுக்கு மூன்றே பேர்தான் வந்தார்களாமே?

பேஸ்பால் உலகத்திலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான், அது சரி. குடும்பத்தோடு முடித்துக்கொள்கிறோம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் வந்த எண்ணிக்கை அது. ஊர் வெறுத்ததற்கு அத்தாட்சி அல்ல. கோகோ கோலா பங்குகளில் சம்பாதித்த பணத்தில் காப் ராய்ஸ்டனில் தன் பெற்றோர் பெயரில் மருத்துவமனை கட்ட ஒரு லட்சம் டாலர் கொடுத்திருந்தார். ஜார்ஜியாவின் ஏழை மாணவர்களுக்கு 1953இல் அவர் தொடங்கிய கல்வி அறக்கட்டளை இன்றும் உதவித்தொகை கொடுக்கிறது.

கேள்வி: சூதாட்டப் புகார்?

1919இல் ஒரு ஆட்டத்தின் முடிவைக் காப்பும் கிளீவ்லாந்து வீரர் டிரிஸ் ஸ்பீக்கரும் முன்கூட்டியே பேசிவைத்தார்கள் என்று, டெட்ராய்ட்டின் முன்னாள் பிட்சர் டச் லெனார்ட் 1926இல் புகார் சொன்னார். விசாரணைக்கு நேரில் வரச் சொன்னால் அவர் வரவில்லை. 1927 ஜனவரியில் பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ் காப்பையும் ஸ்பீக்கரையும் விடுவித்தார்.

கேள்வி: மொத்த ஹிட் 4,191 என்று ஒரு இடத்தில், 4,189 என்று இன்னொரு இடத்தில். எது சரி?

இந்த இரண்டு ஹிட் வித்தியாசத்துக்குப் பின்னால் 1910 இருக்கிறது. அந்த வருடம் பேட்டிங் சராசரியில் முதலாவதாக வருபவருக்கு சால்மர்ஸ் கம்பெனி கார் தருவதாக அறிவித்தது. போட்டி காப்புக்கும் கிளீவ்லாந்தின் நாப் லாஜுவேக்கும். கடைசி நாளில் செயின்ட் லூயிஸ் அணியின் மேனேஜர் தன் மூன்றாம் பேஸ்காரரை வேண்டுமென்றே பின்னால் தள்ளி நிறுத்த, லாஜுவே பந்தை மெல்லத் தட்டித் தட்டியே பெரும்பாலும் சேர்த்து எட்டு ஹிட் எடுத்தார். காப் தோற்க வேண்டும் என்பதற்காகவே செய்த வேலை. அப்படியும் நூலிழையில் காப்தான் முந்தினார் என்று அறிவித்தார்கள். பல வருடம் கழித்து ஏடுகளைச் சரிபார்த்தபோது, காப்பின் ஒரு ஆட்டத்தை, அதாவது இரண்டு ஹிட்டை, இரண்டு தடவை எழுதியிருந்தது தெரிந்தது. அதைக் கழித்தால் 4,189, அந்த வருடம் ஜெயித்தது லாஜுவே. கார் கம்பெனி அப்போதே இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டது. செயின்ட் லூயிஸ் மேனேஜருக்கு வேலை போயிற்று. அந்தக் கடைசி நாள் சாயங்காலம் லாஜுவேக்கு வாழ்த்துத் தந்தி அடித்தவர்களில் காப்பின் டெட்ராய்ட் சகாக்களும் உண்டு என்பார்கள்.