வாசகர் கேள்வி: கொல்லிமலை ஓட்டியவருக்கு ஸ்டெல்வியோ எம்மாத்திரம்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓட்டிப் பழகியவன் நான். ஜூலையில் இத்தாலி போகிறோம். ஸ்டெல்வியோ கணவாயில் 48 வளைவுதானாமே, வாடகைக் காரில் போய்வரலாமா?
– வாசகர், நாமக்கல்

போகலாம். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். நம்மூரில் இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் நமக்கு இறுக்கமானது. அங்கே வலப்பக்கம் திரும்புவது. ஏறும்போது அதன் உள்விளிம்பு செங்குத்தாக இருக்கும். திரும்புவதற்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் வண்டி திணறி நின்று, பின்னோக்கி நழுவும். கியரை வலக்கையால் போட வேண்டும். பழக்க தோஷத்தில் இடக்கை கதவில் போய் முட்டும்! ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேட்டு வாங்குங்கள்.

பிராட்டோ ஊரிலிருந்து சுமார் 24 கி.மீ. தூரத்தில் 1,800 மீட்டர் ஏறி, 2,757 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது சாலை. மேல்பாதியில் மரங்கள் இல்லாததால் அடுத்தடுத்த அடுக்குகள் கண்ணுக்குத் தெரியும். வளைவை நெருங்கும்போதே மேலே பாருங்கள். பேருந்து இறங்கி வந்தால் சாலை முழுவதும் அதற்குத்தான். வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையில் ஒதுங்கி நில்லுங்கள். சைக்கிள்காரர்களை வளைவில் முந்தவே கூடாது. மேலே காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத சின்ன எஞ்சின் இழுக்காமல் சோம்பும், அது கோளாறு அல்ல.

இறங்கும்போது பிரேக் தீய்ந்த வாடை வந்தால்?
– வாசகி, ஈரோடு

காலை பிரேக்கிலேயே வைத்திருந்தீர்கள் என்று அர்த்தம். பேட் சூடேறினால் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் மிதி தரைவரை இறங்கிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘எம்’ நிலையில் (கியரை நாமே தேர்ந்தெடுக்கும் நிலை) வைத்து 2-ம் கியரில் பிடியுங்கள். வேகம் கூடினால் ஒருமுறை அழுத்தமாக மிதித்து, முழுதாக விடுங்கள். வாடை வந்துவிட்டால் ஒதுங்குமிடத்தில் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்.

இந்திய லைசென்ஸ் செல்லுமா?
– வாசகர், சேலம்

அதோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும், ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸ் கையில் இல்லாவிட்டால் அந்த அனுமதிக்கு மதிப்பில்லை. பனிக்காலத்தில் கணவாயை மூடிவிடுவார்கள். உங்கள் பயணம் மே மாதமோ அக்டோபரோ என்றால், திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.