எழுத்தாளர் பெருமாள்முருகன் பத்தி என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

அண்ணே, இவரு புக்கு ஒண்ணுகூட படிச்சதில்ல, எதுல ஆரம்பிக்கலாம்?
பூக்குழில ஆரம்பிங்க தம்பி, சின்ன நாவல்தான். சாதி மாறி கல்யாணம் பண்ணிக்கிட்ட குமரேசனும் சரோஜாவும் அவன் ஊருக்கு பஸ்ல வந்து எறங்குறாங்க, கொளுத்துற வெயிலு, இந்த ஊரு அந்தப் பொண்ண என்ன பண்ணப் போவுதோன்னு அப்பவே நமக்கு வயித்தக் கலக்கிரும். இங்கிலீஷ்ல போயி 2023 சர்வதேச புக்கர் நெடும்பட்டியல்ல வந்துச்சு.

சோடாக்கடை அடிக்கடி வருதே சார், ஏன்?
அவரு வளந்ததே அதுலதாங்க. 1966ல திருச்செங்கோட்டுப் பக்கம் வெவசாயக் குடும்பத்துல பொறந்தாரு, அப்பா சினிமா தியேட்டர்ல சோடாக்கடை வச்சிருந்தாரு. நிழல்முற்றம் படிச்சுப் பாருங்க, இன்டர்வல் விட்டதும் சோடா தூக்கிட்டு ஓடுறவன், ராத்திரி தியேட்டர்லயே சுருண்டு படுக்குறவன்னு படம் பாக்க வந்தவங்க கண்ணுல படாத பசங்கதான் மொத்த நாவலும். எனக்கு அவரு எழுதுனதுலயே ரொம்பப் புடிச்சது அதுவும் கூளமாதாரியும், பண்ணையத்துல ஆடு மேய்க்க விட்ட தலித் பசங்க கதை அது.

மாதொருபாகன் பிரச்சனை கடைசில என்னாச்சு?
நாவல் 2010லயே வந்துருச்சு, கொழந்த இல்லாத காளியும் பொன்னாவும் ஊர் வாயில விழுந்து படுற பாடு. இங்கிலீஷ்ல வந்ததுக்கு அப்புறம் 2014 டிசம்பர்ல எதிர்ப்பு கெளம்பி, புக்க எரிச்சு, கடையடைப்பு நடத்தி, அதிகாரிங்க முன்னாடி உக்கார வச்சு எழுதி வாங்கி, 2015 ஜனவரில மனுசன் இனி எழுதமாட்டேன்னு அறிவிச்சிட்டாரு. நாமக்கல் அரசு காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருந்தவரு, ஊர விட்டே போக வேண்டியதாச்சு. 2016 ஜூலை 5 சென்னை ஐகோர்ட்டு நாவலுக்கு எதிரான வழக்கத் தள்ளி, அவரு திரும்ப எழுதட்டும்னு சொல்லிருச்சு. அதே வருசம் கோழையின் பாடல்கள் கவிதைத் தொகுப்பு, பூனாச்சி நாவல் ரெண்டும் வந்துச்சு. பூனாச்சில ஆட்டுக்குட்டிக்குக்கூட சர்க்கார் காது குத்திப் பதிவு பண்ணணும், அந்த எடத்த மட்டும் மெதுவாப் படிங்க. இவர வெறும் சர்ச்சை எழுத்தாளர்னு பேசுறது எனக்கு ஆறவே ஆறாது, அந்தச் சர்ச்சைக்கு இருபது வருசம் முன்னாடியே ஏறுவெயில் நாவல் எழுதுனவரு.

அப்புறம் மாதொருபாகன் முடிஞ்சதும் காளிக்கு என்னதான் ஆச்சு?
அவன் செத்துப்போனா ஆலவாயன், உசுரோட இருந்தா அர்த்தநாரி. ரெண்டு முடிவுக்கும் தனித்தனி நாவல், ரெண்டுமே 2014. ஆலவாயன மொதல்ல படிங்கக்கா, பொன்னா முழுசாத் தெரிவா.

கொங்குப் பேச்சு புரியலையே, விட்டுட்டேன்.
விடாதீங்க. கொங்கு வட்டாரச் சொல்லகராதியே அவரு தொகுத்து வச்சிருக்காரு, பக்கத்துல வச்சுக்கிட்டு ஆளண்டாப் பட்சி எடுங்க. பூர்வீக நெலத்த விட்டுட்டு முத்து மாட்டுவண்டியில புது நெலம் தேடிப் போறான், அந்தப் பேச்சு இல்லாம அந்தப் பயணம் இல்ல. அதோட மொழிபெயர்ப்புக்குத்தான் 2023ல ஜேசிபி இலக்கியப் பரிசு கெடச்சுது.