எந்த ஏஜென்ட்டுக்கு அனுப்புவது?

வணக்கம் ஐயா,

ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டன் ஈஸ்ட் ஹாமில் கடை வைத்த அண்ணன் தம்பி இருவரின் கடனையும் சண்டையையும் பற்றிய கதை. எழுத்தாளர் சார்பில் நூலை விற்றுத்தரும் இலக்கிய ஏஜென்ட் இல்லாமல் இங்கே பெரிய பதிப்பகங்கள் கைப்பிரதியை வாங்குவதில்லை. ஏஜென்ட்டுகளைப் பட்டியலிடும் ‘ரைட்டர்ஸ் அண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இயர்புக்’ என்ற ஆண்டுக் கையேட்டைப் பார்த்து அறுபது பேரைக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடலாமா?

எம்., லண்டன்

அன்புள்ள எம்.,

வேண்டாம். அந்தக் கையேட்டில் ‘புனைவு’ என்று போட்டிருப்பவர் துப்பறியும் கதை மட்டும் விற்பவராக இருக்கலாம். யார் என்ன விற்றிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் நாவலோடு ஒரே அலமாரியில் வைக்கக்கூடிய, கடந்த நான்கைந்து ஆண்டுகளில் வந்த முதல் நாவல்களை நூலகத்தில் எடுத்து நன்றியுரையைப் படியுங்கள். ஏஜென்ட்டின் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

முதல் நாவல் என்பது முக்கியம். புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர்களை வைத்திருக்கும் ஏஜென்ட்டுக்குப் புதியவரைப் பார்க்க நேரமிருக்காது. அதே நிறுவனத்தில் உதவியாளராக இருந்து, இப்போதுதான் தனக்கென்று எழுத்தாளர்களைச் சேர்க்கத் தொடங்கியிருப்பவரைத் தேடுங்கள். நானாக இருந்தால் அவருக்குத்தான் முதலில் அனுப்புவேன்.

இன்னொன்று. தெற்காசிய எழுத்தாளர்களை வைத்திருப்பவர்கள் என்று மட்டும் வடிகட்டாதீர்கள். உங்களுடையது கடனும் பங்காளிச் சண்டையும் உள்ள குடும்ப நாவல். அயர்லாந்துப் பண்ணைக் குடும்பத்தின் கதையை விற்றவருக்கும் அது பிடிக்கலாம்.

ஆறேழு பேருக்கு முதலில் அனுப்புங்கள். மிகவும் விரும்பும் பெயர்கள் எல்லாவற்றையும் அதிலேயே தீர்த்துவிடாதீர்கள். ஒருவர் மறுத்த கைப்பிரதியை அவரிடமே மீண்டும் நீட்டுவது கடினம். முதல் சுற்றில் ஒருவரும் அசையவில்லை என்றால் கடிதத்தையும் தொடக்க அத்தியாயங்களையும் திருத்த வாய்ப்பு மிச்சமிருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மட்டும். முதல் மூன்று அத்தியாயம், கதைச்சுருக்கம், கடிதம் என்பதுதான் லண்டன் வழக்கம், ஆனாலும் ஒவ்வொருவர் தளத்திலும் சரிபாருங்கள். பலர் பதிலே போடமாட்டார்கள். அதுவும் மறுப்புதான். (தமிழில் புத்தகக் கண்காட்சியில் பதிப்பாளர் கையிலேயே கொடுத்துவிடலாம். ராயல்டி வருமா என்பது வேறு கதை.)

படித்துப் பார்க்கவே காசு கேட்கிறவர் பெயரை உடனே அடித்துவிடுங்கள். ஏஜென்ட்டின் வருமானம் விற்ற பிறகு வரும் கமிஷன்தான்: உள்நாட்டு விற்பனையில் பொதுவாக 15 சதவீதம், மொழிபெயர்ப்பு உரிமையில் 20.