பதினான்கு பிள்ளைகள்தானே என்கிறார்கள்

வாசகர் கேள்வி-பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில், சின்னத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளை மூடுவது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றிவந்த நான்கை இந்த மாதம் ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பள்ளி, தோட்டம், ஆட்கள் யாருடைய பெயரும் வேண்டாம் என்று எழுதியவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இப்போது 14 பிள்ளைகள். பள்ளியை மூடிவிட்டு எல்லாரையும் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாம் என்று பேச்சு நடக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வந்த அதிகாரி, "எல்லாருக்கும் இடம் இருக்கிறது, வேன் இருக்கிறது, யாருக்கும் பாதிப்பு இல்லை" என்றார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்ன கேட்டிருக்க வேண்டும்?
(இரண்டு பிள்ளைகளின் தாய்)

பதில்: "பாதிப்பு இல்லை என்று எந்தெந்தப் பிள்ளையின் நிலையைப் பார்த்து முடிவு செய்தீர்கள், எழுதி வைத்திருந்தால் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கலாம், சகோதரி. பெரும்பாலும் அப்படி ஒன்று எழுதப்பட்டே இருக்காது. மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், அந்தப் பக்கத்துப் பள்ளியில் காலி இடத்தைப் பார்ப்பார்கள், கணக்கு சரியாக வந்துவிடும். பிள்ளைகளை ஒவ்வொருவராக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வேன் காலை ஆறு மணிக்கு லயன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கார் இருப்பவருக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் அந்த நேரத்துக்குள் பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போயிருப்பார், ஏழு வயதுப் பிள்ளையை இருட்டில் பார்த்து ஏற்றிவிட யார் இருக்கிறார்கள்? பாட்டியிடம் வளரும் பிள்ளைக்குப் பள்ளியில் காய்ச்சல் வந்தால் பாட்டி எதில் ஏறிப் போய் அழைத்து வருவார்? காது சரியாகக் கேட்காத பிள்ளையை இத்தனை நாளும் முன்னால் உட்காரவைத்து முகம் பார்த்துப் பேசிய ஆசிரியர் இனி இல்லை, முப்பது பேர் இருக்கும் வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு எந்த மேசை கிடைக்கும் என்று யாராவது கேட்டார்களா? பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் உள்ள பிள்ளைகளும் தோட்டப்புறத்தில் உண்டு. இருக்கும் பள்ளியில் தலைமையாசிரியருக்கு வீட்டு நிலைமை தெரியும், எப்படியோ ஓடுகிறது. பள்ளி மாறும்போது விண்ணப்பப் பாரம் மறுபடி நிரப்ப வேண்டும், பழைய கேள்வியெல்லாம் புதிதாக எழும்.

எல்லாருக்கும் ஒரே வேன், ஒரே நேரம், ஒரே பள்ளி என்பதால் அது சமமாகிவிடாது. ஒரே ஏற்பாடு ஒரு வீட்டைத் தொடாமலே போகும், பக்கத்து வீட்டைக் கவிழ்த்துவிடும். அந்த வித்தியாசத்தை முடிவெடுப்பதற்கு முன்பே தேடிப் பார்ப்பதைத்தான் சமத்துவத் தாக்க மதிப்பீடு என்கிறார்கள்.

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149-ஆவது பிரிவுப்படி, அரசு அமைப்புகள் எந்த முடிவை எடுக்கும்போதும் அது வயது, உடற்குறை, இனம், மதம், பாலினம், கர்ப்பம் போன்றவற்றால் வேறுபட்டு நிற்பவர்களை எப்படித் தொடும் என்று உரிய கவனத்தோடு பார்த்தாக வேண்டும். அதற்கு முன்பே, 2008-இல், மாற்றுத்திறனாளிகள் தொடர்பான இதே மாதிரிக் கடமையைப் பற்றிய பிரௌன் வழக்கில் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: இந்தக் கவனம் முடிவுக்கு முன்பும் முடிவெடுக்கும்போதும் இருக்க வேண்டும், திறந்த மனத்தோடு இருக்க வேண்டும், கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போவது போதாது. கிராமத்துத் தொடக்கப்பள்ளியை மூட வேண்டுமென்றால் 2006-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஒன்று இன்னும் சில விஷயங்களைக் கேட்கிறது. அந்த ஊருக்கு என்ன ஆகும், போக்குவரத்து கிடைக்குமா, அதற்கு எவ்வளவு செலவாகும், சாலையில் வண்டி எவ்வளவு கூடும், மூடாமல் வேறு வழி இருக்கிறதா. வேல்ஸில் ஒருபடி மேலே போய், வெல்ஷ் மொழிவழிப் பள்ளியைத் தொடும் திட்டம் என்றால் அந்த மொழிக்கு என்ன ஆகும் என்பதையும் மதிப்பிடச் சொல்கிறார்கள். நம் நிலைமைக்கு மிக நெருக்கமானது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். பட்டணத்துத் தமிழ்ப்பள்ளி தொலைவிலும் மலாய்மொழித் தேசியப்பள்ளி பக்கத்திலும் இருந்தால், வேன் கட்டணம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை எந்த மொழியில் படிக்கப்போகிறது என்பதைப் பணம்தான் முடிவு செய்யும். அப்படி ஒரு வீட்டிலாவது நடக்குமா என்று கணக்கெடுக்காமல் "பாதிப்பு இல்லை" என்று எப்படிச் சொல்ல முடியும்?

நம் நாட்டில் அந்த மாதிரித் தனிச் சட்டம் இல்லை. அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. அரசு பராமரிக்கும் கல்விக்கூடங்களின் நிர்வாகத்தில் மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது 12-ஆவது பிரிவு. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இலேயே வந்துவிட்டது. அப்புறம் இன்னொன்று, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அனுப்பியே ஆக வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் அரசு, போய்ச் சேரும் வழியையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். கூட்டத்தில் இதைச் சத்தமாகவே கேளுங்கள்.

அதிகாரிகள் மதிப்பீடு செய்துகொண்டு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும், பெற்றோர் ஆசிரியர் சங்கமே செய்யலாம். பிள்ளைக்கு ஒரு பக்கம். எங்கே குடியிருக்கிறது, காலையில் வீட்டில் பெரியவர் யார் இருப்பார், வண்டி உண்டா, வருமானம் எப்படி, உடம்பில் ஏதும் குறை உண்டா, தம்பி தங்கை எத்தனை பேர், பள்ளியில் கிடைக்கும் இலவசக் காலை உணவை நம்பி இருக்கிறதா, மாற்றினால் என்ன ஆகும், அதைச் சரிக்கட்ட என்ன வேண்டும். பிள்ளையையும் கேளுங்கள், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் நாம் யோசிக்காததைச் சொல்வார்கள். இன்னும் பள்ளிக்கு வராத கைக்குழந்தைகளையும் எண்ணி எழுதுங்கள். இந்த 14 இன்றைய கணக்கு மட்டும்தான். பாலர்பள்ளியிலும் மடியிலும் இன்னும் எட்டுப் பேர் இருந்தால், அடுத்த சில ஆண்டுகளின் கணக்கே வேறாகிவிடும்.

கேள்வி: அக்கா, கோபிக்காமல் கேளுங்கள். நானும் இப்படி ஒரு சின்னத் தோட்டப்பள்ளியில் கூட்டு வகுப்பில் படித்தவன். மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே அறை. என் வயதுப் பையன் இன்னொருவன்தான். படிவம் ஒன்றுக்கு (இடைநிலைப்பள்ளி முதல் ஆண்டு) போனபோது நாற்பது பேர் வகுப்பில் வாயே திறக்க முடியவில்லை. இப்படிப்பட்ட பள்ளியைக் காப்பாற்றத்தான் வேண்டுமா?
(தொழில்நுட்பர், ஈப்போ)

பதில்: தம்பி, கோபப்பட என்ன இருக்கிறது? நீங்கள் சொல்வதும் அந்த நோட்டில் ஒரு பக்கமாக வந்தே ஆக வேண்டும். மதிப்பீடு என்றால் மூடுவதால் வரும் கெடுதலை மட்டும் அடுக்குவது இல்லை. மூடாமல் விட்டால் பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்பதையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். சம வயதுத் தோழர் இல்லை, பந்து விளையாட ஒரு குழு சேராது, ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று பாடத்தைச் சுமக்கிறார், சிறப்புக் கல்விக்குத் தனி ஆசிரியர் கிடையாது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்குப் பட்டணத்தில் சிறப்புக் கல்வி வகுப்பு இருந்தால் போவதே நல்லது என்று கூடத் தெரியவரலாம். இங்கிலாந்துச் சட்டமும் பள்ளியை மூடவே கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து செய், முன்கூட்டியே பார், குறைக்க முடிந்த கெடுதலைக் குறை என்கிறது.

ஆனால் "மூடு" "மூடாதே" என்று இரண்டே வழி இருப்பது போலப் பேசுவதை நான் ஏற்கவில்லை. பக்கத்துச் சின்னப் பள்ளியோடு சேர்ந்து வாரம் ஒருநாள் விளையாட்டும் பாடமும் நடத்தலாம். பாலர்பள்ளியைத் தொடங்கினால் எண்ணிக்கை மெல்ல ஏறலாம். பள்ளியின் உரிமத்தைத் தமிழர் அதிகம் குடியேறிய வீடமைப்புப் பகுதிக்கு மாற்றிக் கொண்டுபோவதும் நம் நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறது, பல பள்ளிகள் அப்படித்தான் பிழைத்து இன்று பெரிதாக நிற்கின்றன. சமூகத்துக்கு அது நல்ல காரியம், நானும் ஆதரிக்கிறேன். அதிலும் யார் பின்தங்கி நிற்கிறார் என்று பாருங்கள். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்க முடிந்தவர் தாமானுக்குப் போய்விட்டார், பள்ளியும் அவர் பின்னால் போகிறது, வீடு வாங்க முடியாமல் லயத்திலேயே இருப்பவரின் பிள்ளைதான் இனி தொலைவுக்குப் போகிறது. மொத்தத்தில் நன்மை என்று எழுதும் அறிக்கையில் இந்தப் பிள்ளை காணாமல் போய்விடும். இங்கிலாந்துச் சட்டம் காக்கும் ஒன்பது தன்மைகளில் வறுமை இல்லை. ஸ்காட்லாந்து 2018-இலும் வேல்ஸ் 2021-இலும் பொருளாதார ஏற்றத்தாழ்வையும் கருத வேண்டும் என்று தனிக் கடமை கொண்டுவந்தன. நாம் எழுதும் நோட்டில் வருமானம் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

படிவம் ஒன்றில் நீங்கள் பட்டது உண்மை, அது யாருக்கும் நேரக்கூடாது. அதே சமயம், ஏழு வயதில் அந்த நாற்பது பேர் வகுப்புக்கு, விடியுமுன் எழுந்து வேனில் தூங்கிக்கொண்டே போயிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள். எது மேல் என்று எனக்குத் தோன்றுவதை விட, அந்த 14 பேருக்கும் எது மேல் என்று கேட்டறிவதுதான் முக்கியம்.

கேள்வி: அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததாக என் அப்பா சொல்வார். உண்மையா அம்மா?
(ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி)

பதில்: உண்மைதான் ஐயா. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பில் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று இருந்தது. பெயருக்குப் பள்ளி, கொட்டகையில் பள்ளி, கங்காணியே வாத்தியார் என்றெல்லாம் நடந்தது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் தொழிலாளி எங்கே இருக்கிறானோ அங்கே பள்ளி வர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஏறத்தாழ 530. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள், நம் ஆட்கள் பட்டணத்துக்கு நகர்ந்தார்கள், சில பள்ளிகளை ஒன்றாக இணைத்தார்கள். 150-க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள், அந்த வகையில் தமிழ்ப்பள்ளிகள் நிறைய. பல பள்ளிகள் இன்னும் தோட்டத்துக்குச் சொந்தமான நிலத்தில்தான் நிற்கின்றன, நிலம் கைமாறினால் பள்ளிக்கும் ஆபத்து வருகிறது. உங்கள் அப்பா சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதிப் பள்ளி வாரியத்திடம் கொடுங்கள். பள்ளிக்கும் ஊருக்கும் என்ன உறவு என்பதற்கு உங்களைப் போன்றவர் சொல்வதுதான் சாட்சி.

கேள்வி: மூடுவது என்று முடிவாகிவிட்டது. இனி மதிப்பீடு செய்து என்ன ஆகப்போகிறது?
(தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பதில்: முடிவுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப்போகும் கெடுதலைக் குறைக்க இன்னும் நேரம் இருக்கிறது டீச்சர்.

வாய்வார்த்தையாகச் சொன்னதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். வேன் செலவு யார் தருகிறார், எத்தனை ஆண்டுக்கு? முதல் ஆண்டு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டால், அன்று ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைக்கு மீதி ஐந்து ஆண்டுக்கு வழி என்ன? வேன் கெட்டுப்போனால் மாற்று என்ன? வேனில் பெரியவர் ஒருவர் கூடவே வருவாரா? மாலை வகுப்புக்கும் புறப்பாட நடவடிக்கைக்கும் நின்றால் திரும்பிவரும் வண்டி உண்டா? இல்லையென்றால் தோட்டப் பிள்ளைகள் மட்டும் தினமும் பாதியிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். காலை உணவு நேரத்துக்குள் வேன் போய்ச்சேருமா? காது கேளாத பிள்ளை இருந்தால் அதைப் பற்றிப் புதிய வகுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசிவிடுங்கள், கோப்பில் எழுதினால் மட்டும் போதாது. அண்ணன் தங்கையை ஒரே பள்ளியில் ஒரே நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் மாற்றத்துக்கு முன்பே பிள்ளைகளை ஓரிரு முறை அந்தப் பள்ளிக்கு அழைத்துப்போய்க் கழிவறை எங்கே, சிற்றுண்டிச்சாலை எங்கே என்று காட்டிவிடுங்கள்.

அப்புறம், அங்கே சேர்ந்த முதல் நாளிலிருந்து உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வருகைப் பதிவைத் தனியாகக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முதல் தவணை முடிவில் யார் அடிக்கடி விடுபட்டார், எந்த நாளில், ஏன் என்று பார்த்தாலே வேன் சரியில்லையா, வீட்டில் ஆளில்லையா, வகுப்பில் ஏதாவதா என்று தெரிந்துவிடும். அந்தத் தாளோடு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகும்போது நீங்கள் தனியாகப் போகாதீர்கள், பெற்றோர் இரண்டு பேரையாவது கூட அழைத்துச் செல்லுங்கள்.